அணைந்த சுடருக்கு நன்றி

லிண்டெனாவ், மனிடோபா
நவம்பர் 11, 1996

மதிப்பிற்குரிய பெரியத்தான் அவர்களுக்கு,

யுஸ்தினா எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் அட்டையின் அடியில் எழுதும் இரண்டு வரியைத் தவிர உங்களுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையே எழுத்து நின்றுபோய் ஒன்பது வருடம் ஆகிறது. ஆராதனை ஜெர்மனிலேயே நடக்கட்டும் என்று நீங்கள் நின்றீர்கள். பேரப்பிள்ளைகளுக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் நடக்கட்டும் என்று உங்கள் தம்பி டீட்ரிக் நின்றார். சபை இரண்டானது. கைகூடக் குலுக்காமல் நீங்கள் மலைகளுக்கு அப்பால் மகள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். அதைப் பேச இந்தக் கடிதம் இல்லை. எங்கள் முன்னறையின் கேஸ் கணப்பைப் பற்றிக் கேட்கவே எழுதுகிறேன். அதைச் சுவரில் பதித்தவர் நீங்கள்.

டீட்ரிக்குக்கு ஜூன் மாதம் பக்கவாதம் வந்ததை உங்கள் மகள் சொல்லியிருப்பாள். வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. செப்டம்பரில் நகரத்துப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள். ஆனாலும் இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஸ்பூனை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். ஆறே வாரத்தில் பாதி ஆளாகிவிட்டார். பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்லியும் இந்த மாதத் தொடக்கத்தில் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வந்த அன்று என் முட்டைக்கோஸ் சூப்பில் ஒரு கிண்ணம் குடித்தார்.

மருத்துவமனைக் கட்டில் படுக்கையறைக் கதவில் நுழையாததால் முன்னறையில் போட்டிருக்கிறோம். அந்த அறைக்கு அந்தக் கணப்பை விட்டால் வேறு சூடு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அது அணைந்து அணைந்து போகிறது. மின்சார ஹீட்டரைச் செருகினால் பியூஸ் போகிறது. நகரத்திலிருந்து வந்த கேஸ்காரர் தெர்மோகப்பிளை மாற்றினார். கணப்பின் முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நெடுநேரம் எரியவிட்டுப் பார்த்தார். நன்றாகவே எரிந்தது. "இனிமே பத்து வருசத்துக்குக் கவலை இல்லைம்மா" என்று சொல்லிக் கண்ணாடியை மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை அணைந்து கிடந்தது. மறுபடி கூப்பிட்டதற்கு ஜனவரியில்தான் வர முடியும் என்கிறார்.

வாரந்தோறும் வரும் நர்ஸ் லொரேன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "யுஸ்தினாம்மா, உங்க கையால அவர் சாப்பிடறதைப் பார்த்தேன், சந்தோசம். ஆனா இந்த அறையில நான் விடற மூச்சு புகையாத் தெரியுதே. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி அறை சூடாகலைன்னா இல்லத்துக்கே திரும்ப அனுப்பச் சொல்லித்தான் எழுதணும். என்னைத் திட்டாதீங்க."

திரும்பிப் போனால் இவர் அங்கே வசந்தத்தைப் பார்க்கமாட்டார். எனக்கு அது தெரியும். உங்கள் காது தொலைபேசிக்கு ஒத்துவராது என்று மகள் சொன்னதால் எழுதிக் கேட்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

யுஸ்தினா ஹார்டர்


அபட்ஸ்ஃபோர்ட், பிரிட்டிஷ் கொலம்பியா
நவம்பர் 19, 1996

கர்த்தருக்குள் பிரியமான சகோதரி யுஸ்தினாவுக்கு, பெர்ன்ஹார்ட் ஹார்டர் ஸ்தோத்திரம் கூறி எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. பழைய உடன்படிக்கையின் நாட்களில் பலிபீடத்து நெருப்பு அவியாதபடி காப்பதற்கென்றே ஒரு வம்சம் பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. அந்த ஊழியம் இப்போது உங்கள் முன்னறையில் உங்களுக்கு வாய்த்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். மனம் தளர வேண்டாம்.

கணப்புக்குள் இரண்டு நெருப்பு உண்டு. ஒன்று பைலட்: விரல் நுனியளவே ஆகி, அல்லும் பகலும் நின்றெரியும் சிறு சுடர். மற்றது பர்னர்: அந்தச் சிறு சுடரிடம் தீ வாங்கிக்கொண்டு, பீங்கான் விறகுகளின் நடுவே எழும் பெரு நெருப்பு. சிறு சுடரின் அருகே விழித்து நிற்கும் உலோகக் குச்சியே தெர்மோகப்பிள். சுடர் தன்னைச் சுடும் வரை அது கேஸின் வாசலைத் திறந்து வைத்திருக்கும். சூடு விலகினால் வாசலை அடைத்துவிடும். ஆகவே சுடர் தானாக அவிந்ததா, அல்லது குச்சி சுடரை நம்பாமல் வாசலை அடைத்ததா என்பதே முதற்கேள்வி.

நம் ஜனத்தின் சிக்கனம் நான் அறியாததன்று. ஏப்ரல் பிறந்தால் பைலட்டை அணைத்துவிடுவீர்கள். கோடை முழுதும் குளிர்ந்து கிடக்கும் அந்த நுண்ணிய குழாயில், கேஸின் வாடையை நாடி வரும் சிலந்தி கூடு கட்டும். பைலட் மஞ்சளாகவும் சோர்ந்தும் எரிகிறதா? அப்படியானால் அதுவே காரணம். காற்றடித்துத் தூய்மை செய்க. சுடர் நீலமாக நின்று குச்சியின் நுனியைத் தழுவ வேண்டும்.

இரண்டாவது, பற்றவைக்கும்போது குமிழை அழுத்திப் பிடிக்கும் பொறுமை பெண்களுக்குக் குறைவு. குச்சி சூடேறுமுன் கையை எடுத்துவிடுகிறார்கள். பரமண்டல ஜெபத்தை நிதானமாக ஆமென் வரை சொல்லி முடித்த பிறகே விரலை எடுங்கள்.

ஒருமுறை அணைந்தால் உடனே தீ வைக்கக் கூடாது. உள்ளே தேங்கிய கேஸ் வெளியேறும்வரை காத்திருங்கள். அறையில் வாடை அடித்தால் நெருப்புக்குச்சியைத் தொடவே தொடாதீர்கள்.

டீட்ரிக்குக்காக நான் ஜெபிக்கிறேன் என்று அவனிடம் சொல்ல வேண்டாம். கோபப்படுவான். அவன் உடம்புக்கு அது ஆகாது.

கர்த்தருக்குள்,
பெர்ன்ஹார்ட் ஹார்டர்


லிண்டெனாவ்
நவம்பர் 27, 1996

பெரியத்தான் அவர்களுக்கு,

உடனே பதில் எழுதியதற்கு நன்றி. பெண்களின் பொறுமையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரு மனிதருக்கு ஜூன் மாதத்திலிருந்து ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வாய்க்கும் அவர் விழுங்கி முடிக்கும்வரை காத்திருக்கிறேன். ஒரு குமிழைப் பிடிக்கவா எனக்குப் பொறுமை இல்லை? இருந்தாலும் நீங்கள் சொன்னபடி ஜெபத்தைச் சொல்லிப் பிடித்தேன். ஜெர்மனில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, இரண்டு சபைக்கும் மனக்குறை வராதபடி.

சிலந்தி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. ஏப்ரலில் அணைத்தேன். சைக்கிள் பம்பால் ஊதியதும் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் ஓர் உருண்டை வந்து விழுந்தது. அதன்பின் பைலட் நீங்கள் எழுதியபடியே நீலமாக நிமிர்ந்து நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அடுப்பை மூட்டி இரட்டைத்தலை ரொட்டி சுட்டேன். டீட்ரிக் ஒன்றரை ரொட்டி தின்றார். சாயங்காலம் பார்த்தால் மறுபடியும் இருட்டு.

கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன். பர்னரைத் திறக்காமல் விட்டால் பைலட் நெடுநேரம் தாங்குகிறது. பர்னரைத் திறந்தால் முதலில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. பிறகு தீ தன் துளையை விட்டு மேலே எழும்பி, அடியில்லாமல் அந்தரத்தில் மிதக்கிறது. எதையோ தேடுவதுபோல் இங்கும் அங்கும் ஆடுகிறது. அப்புறம் பைலட் மெலிந்து, இரண்டும் சேர்ந்தே போய்விடுகின்றன. கண்ணாடியின் உட்புறம் மங்கிக் கிடக்கிறது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. எதிர்வீட்டு யாக்கோப் உன்ராவை மறந்திருக்கமாட்டீர்கள். டீட்ரிக்கைச் சபையிலிருந்து நீக்கும் தீர்மானத்தை எழுந்து நின்று வாசித்த அதே உன்ராவ்தான். அன்று முதல் எங்கள் முற்றத்தில் அவர் கால் வைத்ததில்லை. டீட்ரிக் வீட்டுக்கு வந்த மறுநாள் டிராக்டரில் வைக்கோல் கட்டுகளை ஏற்றிவந்து, நம் பெற்றோர் காலத்தில் செய்வதுபோல் வடக்குச் சுவரையும் மேற்குச் சுவரையும் சுற்றி இரண்டு வரிசை உயரத்துக்கு அடுக்கினார். நான் ஓடிப்போய், "உள்ளே வாங்க, காபி சூடா இருக்கு" என்றேன்.

"வேண்டாம்மா. பூட்ஸெல்லாம் சேறு."

"சேறு துடைச்சாப் போகுது."

"காத்து இந்தப் பக்கம்தான் அடிக்குது. உள்ளே மனுசன் படுத்திருக்கான். அவ்வளவுதான்" என்று சொல்லி வண்டியில் ஏறிவிட்டார். டீட்ரிக்கின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனாலும் அன்று நான் கட்டிலருகே உட்கார்ந்து அழுதேன்.

இன்னொன்று. டீட்ரிக்குக்குச் சில சொற்கள் திரும்பியிருக்கின்றன. எல்லாம் வீட்டு ஜெர்மன். நர்ஸ் ஆங்கிலத்தில் கேட்டால் புரியாமல் என் முகத்தைப் பார்க்கிறார். எந்த மொழிக்காக அண்ணனை இழந்தாரோ, அந்த மொழி அவரை விட்டுப் போய்விட்டது. இதை நீங்கள் உங்கள் சபையில் சாட்சியாகச் சொல்லிவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

யுஸ்தினா


அபட்ஸ்ஃபோர்ட்
டிசம்பர் 4, 1996

பிரியமான சகோதரி யுஸ்தினாவுக்கு,

குமிழையும் பொறுமையையும் பற்றிய உங்கள் வரிகளை என் மகள் எடுத்து வாசித்தாள். "உங்களுக்கு நல்லா வேணும்பா" என்றாள். மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பியை விட்டு ஆங்கிலம் போனதை நான் எங்கும் சொல்லமாட்டேன். அந்த இடத்தை வாசித்தபோது, எனக்குள் எங்காவது ஒரு மகிழ்ச்சி ஒளிந்திருக்கிறதோ என்று இருதயத்தை விளக்குப் பிடித்துச் சோதித்தேன். இல்லை. சிறுவயதில் அவன் என் பின்னால் ஓடிவந்து, "நில்லுண்ணா, நில்லுண்ணா" என்று கத்துவது எந்த மொழியில் என்று மட்டும் நினைவு வந்தது. அந்த மொழி அவனிடம் இன்னும் இருக்கிறது என்பதற்காக ஸ்தோத்திரம் சொன்னேன்.

இனி கணப்புக்கு வருவோம். நீங்கள் கண்டு எழுதியதுபோல் பழகிய கேஸ்காரனும் எழுதமாட்டான். துளையை விட்டு மிதக்கும் தீ எனக்குக் கவலை தருகிறது. முதலில் பீங்கான் விறகுகள் இடம் மாறியிருக்கின்றனவா பாருங்கள். நம்மவர்களுக்கு விறகு என்றால் அடுக்கியாக வேண்டும். அது பீங்கான் என்பது நினைவில் நிற்பதில்லை. பைலட்டின் மேல் ஒரு துண்டு சாய்ந்திருந்தாலும் தீ திணறும்.

விறகில் குற்றமில்லை என்றால் இதைச் செய்யுங்கள். எல்லாவற்றையும் அணைத்து நன்றாக ஆறவிடுங்கள். கண்ணாடியின் கீழே இரண்டு கொக்கிகள் உண்டு. அவற்றை விடுவித்துக் கண்ணாடியை மேலே தூக்கினால் கையோடு வந்துவிடும். விளிம்பைச் சுற்றியுள்ள நார்ப்பட்டை பிய்ந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கண்ணாடி இல்லாமல் பைலட்டையும் பர்னரையும் பற்றவைத்து, பக்கத்தை விட்டு நகராமல் கவனியுங்கள். பிறகு அணைத்து ஆறவிட்டு, கண்ணாடியை மாட்டி மறுபடி பற்றவையுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுங்கள். கண்ணாடி இல்லாமல் அதை அறைச்சூட்டுக்குப் பயன்படுத்தலாகாது. கழிவுப்புகை அறைக்குள் வந்துவிடும். இது சோதனைக்கு மட்டுமே.

உன்ராவ் கட்டு அடுக்கினான் என்பது நல்ல செய்தி. அவன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்லன். அவன் அடுக்கினால் எறும்பு நுழைய இடமிராது.

பெர்ன்ஹார்ட்


லிண்டெனாவ்
டிசம்பர் 11, 1996

பெரியத்தான் அவர்களுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். கை ஓய்ந்துபோயிருக்கிறது.

விறகுகள் நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. நார்ப்பட்டை முழுதாக இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிப் பற்றவைத்தேன். ஒரு நீண்ட வேதப்பகுதியை டீட்ரிக்குக்கு முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். தீ அசையாமல் எரிந்தது. பைலட் நீலமாக நின்றது. இன்னொரு பகுதியும் வாசித்தேன். அப்போதும் எரிந்தது. பிறகு ஆறவிட்டுக் கண்ணாடியை மாட்டிப் பற்றவைத்தேன். வாசிக்கத் தொடங்கி இரண்டாம் பக்கம் திருப்புவதற்குள் தீ மிதந்தது, மெலிந்தது, போய்விட்டது. மூன்று முறை செய்து பார்த்தேன். கண்ணாடி இல்லாவிட்டால் வாழ்கிறது. இருந்தால் சாகிறது. அந்தக் கேஸ்காரருக்கு அது ஏன் ஒழுங்காக எரிந்துகாட்டியது என்பது இப்போதுதான் புரிகிறது.

டீட்ரிக்குக்கு இருமல் வந்துவிட்டது. இரண்டு கம்பளிக்கு மேல் என் பழைய கோட்டைப் போர்த்தியிருக்கிறேன். நர்ஸ் லொரேன் இருபதாம் தேதி வந்து முடிவெடுப்பாள். "பை எடுத்து வெச்சிடுங்கம்மா, கடைசி நேரத்துல ஓட வேண்டாம்" என்றாள். அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறாள். நான் இன்னும் பையைக் கீழே இறக்கவில்லை.

யுஸ்தினா


அபட்ஸ்ஃபோர்ட்
டிசம்பர் 16, 1996
விரைவுத் தபால்

யுஸ்தினாவுக்கு,

தீ மூச்சுக்குத் திணறுகிறது. குற்றம் கணப்புக்குள் இல்லை.

கண்ணாடி மாட்டிய பிறகு அந்த நெருப்பு உங்கள் அறையின் காற்றைத் தொடுவதே இல்லை. குழாய்க்குள் குழாயாக இரண்டு குழாய்கள் சுவர் வழியே வெளியே போகின்றன. ஒன்றில் வெளிக்காற்று உள்ளே வரும். மற்றதில் சுட்ட புகை வெளியே போகும். இரண்டின் வாயும் ஒரே தகரப் பெட்டியில், முன்னறையின் வடக்குச் சுவரில், என் இடுப்பளவுக்கும் கீழே இருக்கிறது.

உன்ராவின் வைக்கோலைப் பற்றி நீங்கள் எழுதியதை இன்று மறுபடி எடுத்து வாசித்தேன். முன்பு வாசித்தபோது அதை இரண்டு வீட்டாரின் மனஸ்தாபத்தைப் பற்றிய செய்தியாகவே வாசித்திருந்தேன். நம் தகப்பன்மார் சுவரைச் சுற்றி வைக்கோல் அடுக்கியபோது சுவரில் இப்படியொரு வாய் இருந்ததில்லை. அதனால் வைக்கோல் ஒருநாளும் யாருக்கும் தீங்கு செய்ததில்லை.

பெட்டியைச் சுற்றி வைக்கோல் இருந்தால், அது முழுவதும் எடுக்கப்படும்வரை கணப்பைப் பற்றவைக்கவே வேண்டாம். அந்த வாயிலிருந்து வெளிவருவது கொதிக்கும் காற்று. மகளை விட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தேன். பனிப்புயலில் உங்கள் பக்கத்துக் கம்பிகள் அறுந்துகிடக்கின்றன என்கிறார்கள். இந்தக் கடிதம் அடுத்த புயலுக்கு முன்னால் வந்து சேரும்படி ஜெபித்துத் தபாலில் சேர்க்கிறேன்.

பெர்ன்ஹார்ட்


லிண்டெனாவ்
டிசம்பர் 21, 1996

அன்புள்ள பெரியத்தான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பத்தொன்பதாம் தேதி காலையில் வந்தது. தபால் பெட்டியருகே நின்றபடியே வாசித்தேன். நேரே வடக்குச் சுவருக்குப் போனேன். வைக்கோலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. எறும்பு நுழைய இடமிராது என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மைதான்.

ஒரு கட்டின் கயிற்றில் கையை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். உன்ராவின் சமையலறை ஜன்னல் அந்தச் சுவரைப் பார்த்துதான் இருக்கிறது. ஒன்பது வருடத்துக்குப் பின் அந்த மனிதர் முதன்முதலாகச் செய்த நன்மையை நான் பிய்த்துப் போடுவதை அவர் அங்கிருந்து பார்ப்பார். என்ன நினைப்பார்? நாளை நர்ஸ் வரப்போகிறாள் என்று தெரிந்தும் அங்கேயே நின்றேன். அப்புறம் தெருவைக் கடந்து அவர் கதவைத் தட்டினேன்.

மேசைமேல் சூரியகாந்தி விதைத் தோல் குவிந்து கிடந்தது. வாயில் இருந்த விதையைக் கடித்துத் துப்பிவிட்டுக் கேட்டார்: "யாரு சாகறாங்கன்னு இந்தப் பனியில ஓடி வர்றே?"

"யாரும் சாகக்கூடாதுன்னுதான் வந்தேன். நீங்க அடுக்கின கட்டுல கொஞ்சம் எடுக்கணும், யாக்கோப்."

அவர் முகம் இறுகியது. "டீட்ரிக் எடுக்கச் சொன்னானா?"

"அவர் எங்கே சொல்றது. பெர்ன்ஹார்ட் எழுதியிருக்கார்."

"பெர்ன்ஹார்டா? அவன் உங்களுக்கு எழுதறானா?"

"எங்களுக்கு இல்லை. கணப்புக்கு எழுதறார்."

"வைக்கோல்ல என்னம்மா குத்தம்? எங்கப்பா அடுக்கினார், எங்க தாத்தா அடுக்கினார்."

"உங்க தாத்தா வீட்டுச் சுவத்துக்கு மூக்கு இல்லை. எங்க சுவத்துக்கு இருக்கு. நீங்க அதைப் பொத்திட்டீங்க."

மேசைமேல் கிடந்த விதைத் தோலைக் கையால் ஒதுக்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்தத் தகரப் பெட்டியா? வலை போட்ட பெட்டி?"

"அதேதான்."

"அது வழியாத்தான் குளிர் உள்ளே போகுதுன்னு நினைச்சேன். சாக்கை மடிச்சு அது மேல வெச்சுத்தான் கட்டை அடுக்கினேன். நல்லா அடைச்சேனே, யுஸ்தி." சொல்லிக்கொண்டே கோட்டைத் தேடினார். தொப்பியை மறந்துவிட்டு வெளியே நடந்தார்.

வைக்கோல் வாரும் முள்கம்பால் குத்தி மேல்வரிசைக் கட்டை இழுத்தார். அதன் உட்பக்கம் கறுப்பு. காபிக்கொட்டை வறுத்த நிறத்திலிருந்து நடுவில் கரி வரைக்கும். சாக்கின் ஒரு மூலை கையில் பட்டதும் தூளாக உதிர்ந்தது. அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. உன்ராவ் முள்கம்பைப் போட்டுவிட்டு, பனிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எரிச்சிருப்பேனே" என்றார். "கட்டிலோட எரிச்சிருப்பேனே மனுசனை. எழுந்து ஓடக்கூட முடியாதவனை."

வாயில் வந்ததைச் சொன்னேன்: "எரியலையே, யாக்கோப். ஒவ்வொரு தடவையும் அணைஞ்சிடுச்சே."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. பெரியத்தான், இத்தனை வாரமும் ஒவ்வொரு முறை அது அணைந்தபோதும் நான் முறுமுறுத்தேன். ஒருநாள் கணப்பின் முன்னால் முழங்காலில் நின்று, எனக்கு ஏன் இந்தச் சோதனை என்று ஆண்டவரோடு வாதாடினேன். அந்தச் சுடர் மூச்சுக்கு ஏங்கி அவிந்துபோன ஒவ்வொரு முறையும் கட்டு தீப்பிடிக்காமல் ஆறியிருக்கிறது. நான் ஜெபத்தில் கேட்டபடியே ஓயாமல் எரிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நானும் இருக்கமாட்டேன். அணைந்த நெருப்புக்காக நன்றி சொல்லலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சுவரோரம் நின்று சொன்னேன். உன்ராவும் உட்கார்ந்த இடத்திலேயே தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் பக்கத்துக் கட்டுகள் முழுவதையும் எடுத்துவிட்டார். பெட்டியின் வலையில் ஒட்டியிருந்த கரியைக் கையாலேயே துடைத்தார். எதிரே தேங்கிய பனியையும் வாரினார். பிறகு நான் உள்ளே போய்க் காத்திருந்து, கண்ணாடி மாட்டியபடியே பற்றவைத்தேன். தீ துளைகளைப் பற்றிக்கொண்டு நின்றது. மிதக்கவில்லை. எதையும் தேடவில்லை.

இந்த முறை உன்ராவ் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கட்டிலருகே தொப்பியில்லாமல் நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"டீட்ரிக்" என்றார். "நான் யாக்கோப். உன் வீட்டைக் கொளுத்தப் பார்த்தேன்டா. சுவத்துல இருந்த ஓட்டையை வைக்கோல் வெச்சு அடைச்சேன்."

டீட்ரிக் அவரை நெடுநேரம் பார்த்தார். வாயின் இடது ஓரம் அசைந்தது. சொல்லைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"கழுதை" என்றார்.

உன்ராவ் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது. "கழுதைதான்" என்று சொல்லிக் கையை நீட்டினார். டீட்ரிக்கின் வலக்கை வராது என்பதை அவர் மறந்துவிட்டார். டீட்ரிக் இடக்கையைக் கொடுத்தார். அப்புறம் இருட்டும்வரை உன்ராவ் போகவில்லை. இருவருமாகப் பழைய ஜெர்மன் ஞானப்பாட்டுகள் பாடினார்கள். பேச வராத டீட்ரிக்குக்குப் பாட வருகிறது, பெரியத்தான். சொல் ஒன்றும் தவறவில்லை. அவர் ஆங்கில ஆராதனை கேட்டது தவறு என்று இதை வைத்து உன்ராவ் சொல்லிக்காட்டுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. போகும்போது, "உன் பேரனையும் வரச் சொல்லு. ஒரு பாட்டு அவன் மொழியில பாடிப் பார்ப்போம். சகிச்சுக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

நேற்று நர்ஸ் லொரேன் வந்தாள். வழக்கமாகக் கோட்டோடுதான் நிற்பாள். நேற்றுக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். அவருடைய மார்பில் குழல் வைத்துக் கேட்டாள். பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என்னிடம், "அந்தப் பை எங்கே?" என்றாள்.

"மேலேயேதான் இருக்கு. இறக்கவே இல்லை."

"நல்லதாப் போச்சு. இறக்காதீங்க. அவர் இங்கேயே இருக்கட்டும்னு எழுதறேன்."

அவளுக்கு இரண்டு கிண்ணம் சூப் கொடுத்தேன். வேறெதைக் கொடுப்பதென்று தெரியவில்லை.

இப்போது கட்டிலருகே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். யாருக்கு என்று டீட்ரிக் கண்ணால் கேட்டார். உங்களுக்குத் தெரியாமல் அவருக்கும், அவருக்குத் தெரியாமல் உங்களுக்கும் இனி எதுவும் வேண்டாம் என்று நினைத்து, "பெர்ன்ஹார்டுக்கு" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"எழுது" என்றார்.

"என்ன எழுத?"

"சூடா இருக்கு. எழுது, அண்ணனுக்கு. சூடா இருக்கு."

எழுதிவிட்டேன்.

நன்றியோடு,
யுஸ்தினா


அபட்ஸ்ஃபோர்ட்
டிசம்பர் 30, 1996

தம்பி டீட்ரிக்குக்கு,

யுஸ்தினா இதை உனக்கு வாசித்துக் காட்டட்டும். அவளுக்கு நான் செலுத்த வேண்டிய நன்றியைத் தனியே எழுதுவேன். இன்றைக்கு எனக்கு அவ்வளவு எழுத வரவில்லை.

நீ சொல்லி அனுப்பியது கிடைத்தது.

ஏப்ரலில் பனி உருகியதும் ரயிலேறுகிறேன். கணப்பை ஒருமுறை நேரில் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். கணப்பில் ஒரு குறையும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

உன் அண்ணன்,
பெர்ன்ஹார்ட்